சோபன்ஹவரின் விழைவுக் கொள்கை: கொண்டதும் விடுத்ததும்

ஆர்தர் சோபன்ஹவரைத் (1788–1860) துன்பக் கோட்பாட்டினர் என்று கூறி அமைவது பெருவழக்கு. அக்கூற்றுப் பிழையன்று; எனினும், அவர்தம் மெய்ப்பொருட் கொள்கையின் செல்வாக்கை அளத்தற்கு அது துணைசெய்யாது. பின்வந்தோர் அவரிடம் கொண்டது யாது, விடுத்தது யாது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

1818-ஆம் ஆண்டின் இறுதியில், 1819 என்னும் ஆண்டுக் குறிப்போடு வெளிவந்த அவர்தம் பெருநூல், உலகினை விழைவு எனவும் தோற்றம் எனவும் இருவகையாக நோக்குகிறது. காணப்படும் உலகு அறிவோனுக்குத் தோன்றும் தோற்றமே என்பதனைக் காண்ட்டிடமிருந்து பெற்றார். தோற்றத்திற்கு அப்பாலுள்ள பொருள் அறியவொண்ணாதது எனக் காண்ட் நின்ற இடத்தில் அவர் நின்றிலர். நம் உடலினுள் நாம் நேரே உணரும் விழைவே அப்பொருள் என்றார். கல் வீழ்வதும், விதை முளைப்பதும், மாந்தர் அவாவுவதும் குருட்டு விழைவொன்றன் வெளிப்பாடுகளே. அறிவு அதன் ஏவலாள். விழைவு நிறைவுறாதது, ஆதலின் வாழ்வு துன்பம், விழைவை மறுத்தலே வீடு. இவை அவர்தம் முடிபுகள்.

பின்வந்தோருட் பலர், அறிவினும் விழைவே முதன்மையுடைத்து என்பதனைக் கொண்டு, துறவை விடுத்தனர். 1865-இல் லைப்சிக் நகரில் அந்நூலைப் பயின்று அதற்கு ஆட்பட்ட நீட்சே, பின்னர் விழைவின் மறுப்பையே மறுத்து, துன்பத்தோடு கூடிய வாழ்வை உடன்படுதலே உயர்வு என்றார். பிராய்டு, 1917-இல், சோபன்ஹவரின் நனவிலி விழைவு தம் உளவியல் கூறும் உள்ளத் துடிப்புகளை ஒத்தது என்று ஒப்புக்கொண்டார். 1854-இல் அந்நூலை அறிந்த இசைவாணர் வாக்னர் துறவினையும் போற்றினார். ஆயினும், காதலே விழைவு அடங்கும் வழியாம் எனத் திருத்த முயன்றார். சோபன்ஹவரோ காதலை விழைவின் சூழ்ச்சி என்றவர்.

இங்ஙனம் பிரித்துக்கொள்ள இயன்றது எற்றுக்கு? கொள்கையின் இருபகுதியும் இறுகப் பிணைந்தன அல்ல. ஒரே அடிப்படையினின்று நீட்சே எதிர்முடிபு கண்டமையே அதற்குச் சான்று. மேலும், அறிவு ஏவலாள் எனின், அது தன் தலைமையை மறுத்தல் எங்ஙனம்? அஃது அருள் வந்தெய்துவது போன்றது என்றார் சோபன்ஹவர். இஃது உவமையேயன்றி விளக்கமன்று.

எனினும், துறவை விடுத்தோருட் சிலர் வேறொன்றையும் உடன் இழந்தனர். உயிர்கள் பலவாகத் தோன்றினும் அவற்றின் விழைவு ஒன்றே. ஆதலின் பிறன் நோய் தன் நோயாம். அவர்தம் அறவியலில் இரக்கம் நிற்பது இவ்வொருமையின்மேல்தான். விழைவை ஆற்றலாக மட்டுமே கொண்ட நீட்சேக்கு இரக்கம் குறைபாடாகத் தோன்றியது வியப்பன்று. சோபன்ஹவரின் கொள்கையில் தருக்கத்தால் தளரும் பகுதி துறவே, ஒருமையன்று. ஆகவே, அவர்தம் செல்வாக்கை மதிப்பிடுவோர் பின்னோர் கொண்டவற்றை எண்ணுதலோடு அமையாது, கொள்ளத்தக்கதாயிருந்தும் விடப்பட்ட இதனையும் எண்ணுதல் வேண்டும் என்பது எம் துணிபு.