ரட்ஜைப் பிரித்துப் போட்ட பையன்

பழைய கார் ஒன்று எங்கேயோ கொட்டகையில் நிற்கிறது என்று யாராவது சொன்னால் போதும், சாப்பாட்டை விட்டு எழுந்து போகிற ஆள் நான். பெரம்பலூர், அரியலூர் பக்கம் என்னைப் போல இன்னும் சிலர் இருக்கிறோம். எங்களுக்குக் குலசாமி மாதிரி ஒருவர் உண்டு: கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு. அவரை 'இந்தியாவின் எடிசன்' என்கிறார்கள், விஞ்ஞானி என்கிறார்கள், தொழிலதிபர் என்கிறார்கள். எல்லாம் சரிதான். ஆனால் எனக்கு அவர் முதலில் மெக்கானிக். தமிழ்நாடு பெற்ற மெக்கானிக்குகளிலேயே மிகப் பெரிய மெக்கானிக்.

1893 மார்ச் 23 அன்று சூலூருக்குப் பக்கத்தில் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை, சின்ன வகுப்பிலேயே நின்றுவிட்டார். இளம் வயதில், லங்காஷயர் என்ற வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வருவதைப் பார்க்கிறார். மாடு இல்லை, குதிரை இல்லை, வண்டி தானாக ஓடுகிறது! வேறு பையனாக இருந்தால் நாலு நாள் பேசிவிட்டு மறந்திருப்பான். இவர் கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வராகச் சேர்ந்தார். தட்டு எடுத்து, தண்ணீர் வைத்து, காசு காசாகச் சேர்த்து 400 ரூபாய் ஆனதும் அதே அதிகாரியிடம் போய் அந்த வண்டியையே வாங்கிவிட்டார்.

இதற்குப் பிறகு அவர் செய்த காரியம்தான் எனக்கு உயிர். அத்தனை பாடுபட்டு வாங்கிய வண்டியை அக்கக்காகக் கழற்றிப் போட்டார். என்ன இருக்கிறது உள்ளே, எது எதைத் தள்ளுகிறது, எது எதைச் சுழற்றுகிறது என்று பார்த்து, திரும்பவும் பூட்டினார். யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் கோவை வட்டாரத்தில் மோட்டார் சைக்கிள் இன்ஜினைத் திறந்து பார்த்தவர்களே எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஒரு நட்டு தொலைந்தால் எங்கே போய் வாங்குவது? ஒரு வாஷர் வளைந்தால் யாரிடம் கேட்பது? தன் முழுச் சேமிப்பையும் தரையில் துணி விரித்துப் பரப்பி வைக்க ஒரு நெஞ்சுரம் வேண்டும். பழைய வண்டியைத் தொட்டவர்களுக்குத்தான் அந்த நெஞ்சுரத்தின் எடை தெரியும்.

எனக்குத் தெரியும். என்னிடம் இருப்பது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இத்தாலியக்காரர் ஜொவானி மிக்கலோட்டி வரைந்து, இங்கிலாந்தில் 1959-ல் வெளிவந்த கார். 1961-லிருந்து சென்னைக்கு அருகே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி அதைத் தயாரித்தது. 948 சிசி. நம் மண்ணில் பிறந்த கார் என்பதாலேயே அதன் மேல் எனக்குத் தனிப் பாசம். அதன் பானெட் இருக்கிறதே, அதைவிட அழகான ஏற்பாட்டை நான் எந்தக் காரிலும் பார்த்ததில்லை. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முழு மூக்கும் முன்பக்கமாகக் கவிழ்ந்துகொள்ளும். மெக்கானிக் முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். வேலை செய்கிறவனை மனதில் வைத்து எவனோ வரைந்திருக்கிறான்!

எங்கள் ஊரில் அந்த டயர் மேல் உட்காருகிறவர் ஒரு லாரி மெக்கானிக் அண்ணன். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றி ஓயாமல் ஓடும் லாரிகள் நிறைந்த வட்டாரம் இது. சாத்தனூர் கல்மரத்தைப் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இங்கே சாலையோரப் பட்டறைகளைத் தாண்டித்தான் போகிறார்கள், ஒரு நிமிடம் நின்று பார்ப்பதில்லை. நிற்க வேண்டும். அண்ணன் ஹெரால்டுக்கு டேப்பெட் வைக்கிற, அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்கிற அழகைச் சொல்கிறேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு இன்ஜினைக் கையாலேயே மெல்லச் சுற்றச் சொல்வார். எட்டாவது வால்வு முழுசாக அமுங்கி நிற்கும்போது முதல் வால்வைப் பிடிப்பார். ஏழாவது அமுங்கினால் இரண்டாவது. ஆறு என்றால் மூன்று. எப்போதும் கூட்டினால் ஒன்பது வரவேண்டும், அதுதான் கணக்கு. ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை இடுக்கில் நுழைப்பார். அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு இடைவெளி. தகடு லேசாகப் பிடித்து, இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரவேண்டும். "தம்பி, இழுத்துப் பாருங்க. பிடிக்குதா? பிடிக்கணும். ஆனா கடிக்கக் கூடாது" என்பார். எட்டு வால்வும் முடிந்து செல்ஃப் அடித்ததும் வருகிற அந்தச் சத்தம்... தையல் மிஷின் ஓடுவது போலச் சீராக, கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

எந்தக் கல்லூரியிலும் படிக்காத இந்த அண்ணன் கையில் நான் பார்ப்பது நாயுடுவைத்தான். திற, பார், புரிந்துகொள், பூட்டு. பெரம்பலூரிலிருந்து நாமக்கல் வரை லாரிப் பட்டறைகளில் கிரீஸ் கையோடு நிற்கும் ஒவ்வொருவரும் அந்த ரட்ஜைக் கழற்றிய பையனின் வாரிசுதான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

அந்தப் பையன் அதோடு நின்றானா? மெக்கானிக்காக வேலை பார்த்தார். 1920-ல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். அது யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் ஆனது, யு.எம்.எஸ். என்று ஊரெல்லாம் பேசும் பெரிய பஸ் நிறுவனமாக வளர்ந்தது. 1937-ல் பீளமேட்டில் அவருடைய நேஷனல் எலெக்ட்ரிக் வொர்க்ஸில் மின்மோட்டார் உருவானது. இந்தியாவிலேயே தயாரான முதல் மோட்டார் அது. கூட நின்று அதைச் செய்தவர் டி. பாலசுந்தரம் நாயுடு. சின்ன மோட்டாரில் ஓடும் 'ரேசன்ட்' சவரக் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று அவர் கை வைக்காத சாமான் இல்லை. பட்டியலை வளர்த்தால் பக்கம் போதாது, நான் காருக்கு வருகிறேன்.

1952. நாயுடு இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றைக் கொண்டுவருகிறார். விலை 2,000 ரூபாய்! சாதாரணக் குடும்பஸ்தன் கனவு காணக்கூடிய விலையில் நம் ஊர்க் கார். அரசாங்கம் உற்பத்திக்கு லைசென்ஸ் தரவில்லை. அத்தோடு முடிந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அந்தக் கார் ஓடியிருந்தால் இன்று எங்கள் ஊர் வைக்கோல் கொட்டகைகளில் கோழி அடைந்து நிற்கிற பழைய வண்டிகளில் ஒன்றிரண்டு நாயுடு கார்களாக இருந்திருக்குமே! அதன் கார்புரேட்டரை நான் கழற்றிக் கழுவியிருப்பேனே! அண்ணன் அதற்கும் டேப்பெட் வைத்திருப்பாரே! விடுங்கள், பேசிப் பயனில்லை. ஆனாலும் ஆற்றாமை ஆறவில்லை.

அவர் 1974 ஜனவரி 4-ல் மறைந்தார். அவர் பெயரில் எத்தனையோ நினைவுகள் இருக்கின்றன. அவரைப் பற்றிய ஆவணப்படம் தேசிய விருது வாங்கியது. 2025 அக்டோபரில் கோவை அவிநாசி சாலையில் திறந்த 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். வண்டிகள் ஓடுகிற இடத்துக்கு அவர் பெயர் என்பது எனக்குக் கொள்ளை சந்தோஷம். ஆனால் என்னைக் கேட்டால் அவருக்கு உண்மையான நினைவிடம் அதே அவிநாசி சாலையில் இருக்கும் ஜீடீ கார் அருங்காட்சியகம்தான். அவர் மகன் ஜி.டி. கோபால் காலத்தில் 2015-ல் திறந்தார்கள்.

உள்ளே நுழைந்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. காரின் வரலாறே வரிசை கட்டி நிற்கிறது. 1886-ல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர மோட்டார் வண்டியின் மாதிரி இருக்கிறது. நான் அதன் பின்பக்கம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன், கூட வந்தவர்கள் எழுப்பித்தான் அடுத்த காருக்குப் போனேன். ஒரே சிலிண்டர், 954 சிசி, முக்கால் குதிரைத்திறன். பெரிய ஃபிளைவீல் நம் ஊர்த் திருகைக் கல் மாதிரி படுக்கையாகக் கிடக்கிறது. அங்கிருந்து பெல்ட், பெல்ட்டிலிருந்து செயின், செயினிலிருந்து சக்கரம். ஒளிவுமறைவே கிடையாது, கண்ணால் பின்தொடர்ந்தே முழு வண்டியையும் புரிந்துகொள்ளலாம். ஸ்டீயரிங் வட்டமில்லை, ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். 1888-ல் பென்ஸின் மனைவி பெர்த்தா இதே ரக வண்டியில் இரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார். எரிபொருள் தீர்ந்ததும் மருந்துக்கடையில் வாங்கி ஊற்றினார். அந்த அம்மாளும் நாயுடுவும் சந்தித்திருந்தால் இரண்டு பேரும் பேசி முடித்திருக்கவே மாட்டார்கள்!

அப்புறம் ஃபோக்ஸ்வேகன் பீட்டில், இன்னும் ஐரோப்பா, அமெரிக்கா, நம் நாடு என்று எத்தனையோ. எதைப் பார்த்தாலும் பாலிஷ் போட்டுக் கண்ணாடிக்குள் பூட்டிவைத்த பொருளாகத் தெரியவில்லை. இது எப்படி ஓடியது, இதற்கு முன் வந்ததைவிட இதில் என்ன புதுசு என்று சொல்லிக்கொடுக்கிற விதத்தில் வைத்திருக்கிறார்கள். காட்சிக்கு வைப்பதைக்கூட நாயுடு வீட்டு வழக்கப்படி, பாடமாகத்தான் செய்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் பிடிக்காமல் ஓடிய அந்த மனிதர்தான் 1945-ல் அன்றைய மதராஸ் கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் அமையக் காரணமாக இருந்தவர். நான்கு வருஷப் படிப்பை இரண்டு வருஷத்திலேயே கொடுக்கலாம் என்று வாதாடியவர். அந்தக் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி.

எங்கள் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. திருச்சி, கரூர், காங்கேயம், பல்லடம் வழியாகப் போங்கள். சூலூரை நெருங்கும்போது கொஞ்சம் சுற்றினாலும் பரவாயில்லை என்று கலங்கலை ஒரு முறை பார்த்துவிட்டுப் போங்கள். நகரத்துக்குள் போனதும் மேம்பாலம் புதுசாக இருக்கிறதே என்று அதில் ஏறிவிடாமல், கீழே அவிநாசி சாலையிலேயே போனால்தான் அருங்காட்சியகம் வரும். அங்கேயே நாயுடுவின் கண்டுபிடிப்புகளுக்கும் தனிக் காட்சிக்கூடம் உண்டு, இரண்டையும் பார்க்கிற மாதிரி நேரம் ஒதுக்குங்கள். வீட்டில் எதையாவது கழற்றிப் போட்டுத் திட்டு வாங்குகிற பையனோ பெண்ணோ இருந்தால் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். அடுத்த முறை நான் பட்டறை அண்ணனைக் கூட்டிப் போகப் போகிறேன். அந்த பென்ஸ் வண்டிக்குப் பின்னால் அவரை உட்காரவைத்து, அவர் அதைப் பார்த்து என்ன சொல்கிறார் என்று கேட்டே ஆகவேண்டும்.