கைடு நம்பரும் ஜரிகைக் கரையும்

காமிராவின் தலையிலிருந்து ஃபிளாஷை இறக்கித் தனியே நிறுத்திப் படம் எடுக்கும் பழக்கம் பொழுதுபோக்குப் புகைப்படக்காரர்களிடையே பரவியிருப்பது வரவேற்கத்தக்கதே. ஆனால் அந்தப் பழக்கத்தோடு கூடவே, “கையில் இருக்கும் பணத்துக்கு எந்த ஃபிளாஷின் கைடு நம்பர் அதிகமோ அதை வாங்கு, கூட ஒரு ட்ரிக்கரை வாங்கு, குடையும் ஸ்டாண்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்ற உபதேசமும் வேரூன்றிவிட்டது. கடைக்காரரும் அதையே சொல்கிறார், முன்னமே வாங்கியவரும் அதையே சொல்கிறார். காஞ்சிபுரத்தின் ஓரிக்கையிலும் பிள்ளையார்பாளையத்திலும் பட்டு நெசவாளர் வீடுகளைத் தேடிக் காமிராவுடன் வருகிறவர்களின் பைகளைப் பார்த்தாலே, இந்த உபதேசம் எவ்வளவு சிரத்தையாக அநுஷ்டிக்கப்படுகிறது என்பது விளங்கும்.

மலிவு ஃபிளாஷைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. கோடாக்ஸ் டிடி600 போன்ற சாதனம், காமிராக் கம்பெனிகளின் உயர்ரக ஃபிளாஷ் விலையில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கிடைக்கிறது. ரேடியோ ரிசீவர் அதற்குள்ளேயே இருக்கிறது. நான்கு பென்சில் பேட்டரிகளில் இயங்கி, முழுப் பிரகாசத்திலிருந்து 128-இல் ஒரு பங்கு வரை இறங்குகிறது. வெளிச்சத்தைத் தானே அளந்துகொள்ளும் டிடிஎல் வசதி அதில் இல்லையே என்று சிலர் வருந்துவது வீண். குழித்தறியில் அமர்ந்த நெசவாளர் இடம்விட்டு நகர்வதில்லை. ஒருமுறை கையால் வைத்த அளவு கடைசிவரை செல்லும். மின்னும் ஜரிகையைக் கண்டு டிடிஎல் ஏமாறுவதும் உண்டு. இவ்வளவும் மெய்.

என் ஆட்சேபம் நெடுநாளையது. அது பெட்டியின்மேல் அச்சிட்ட கைடு நம்பரைப் பற்றியது; ஒளி எட்டும் தூரத்தை எஃப் எண்ணால் பெருக்கி ஃபிளாஷின் சக்தியைச் சொல்லும் எண் அது. டிடி600-க்குச் சொல்லப்படும் 60 என்பது, ஃபிளாஷின் ஜூமை 200 மில்லிமீட்டருக்குக் குறுக்கி, ஒளியை ஈட்டிபோல் ஒடுக்கியபின் வரும் கணக்கு. யோங்நுவோ 560 வரிசையின் 58 என்பது 105 மில்லிமீட்டரில் அளந்தது. நிக்கான் எஸ்பி-900-க்கு அந்தக் கம்பெனி தரும் 34 என்ற எண்ணோ 35 மில்லிமீட்டரில் எடுத்தது. மூன்றும் ஐஎஸ்ஓ 100-இல், மீட்டரில் சொல்லப்பட்டவைதாம். ஆயினும் வெவ்வேறு அகலத்தில் அளந்த இம்மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 60 பெரிது, 34 சிறிது என்று தீர்மானிப்பது கணக்கறியாதவர் செய்யும் காரியம். குடைக்குள்ளோ சாஃப்ட்பாக்ஸுக்குள்ளோ பாய்ச்சும் கணத்தில் அந்த ஒடுக்கிய ஈட்டிக்கு ஒரு பிரயோஜனமும் இல்லாமற் போகிறது.

சரி, எவ்வளவு சக்திதான் வேண்டும்? அந்த 34-ஐயே எடுத்துக்கொள்வோம். குடை இரண்டு ஸ்டாப் ஒளியை விழுங்குவதாக வைத்தாலும், ஐஎஸ்ஓ 400-இல், எஃப் 5.6-இல், தறியிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி நிறுத்தினால், முழுச் சக்தியில் 16-இல் ஒரு பங்கே போதும். தறிவீட்டு அறை அதைவிட அதிகத் தூரத்துக்கு இடமும் தராது. இதற்கு ஒரு விலக்கு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை: ஓரிக்கையில் 2011-இல் குடமுழுக்கு கண்ட மகாபெரியவர் மணிமண்டபத்துக் கருங்கல் தூண்களுக்கு வெளியே, உச்சி வெயிலை முதுகில் வாங்கி நிற்பவரை, ஐஎஸ்ஓ 100, வினாடியில் 200-இல் ஒரு பங்கு, எஃப் 11 என்ற கணக்கில் எடுப்பதானால், அதே குடையோடு முழுச் சக்தியும் ஒன்றரை மீட்டருக்குத்தான் எட்டும். அங்கே சக்திக்கு மதிப்புண்டு. ஆனால் அவரை இரண்டு அடி நிழலுக்குள் வரச் சொன்னால் அந்த மதிப்பும் போய்விடுகிறது.

எண்ணுக்குக் கொடுத்த பணம் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைப் பட்டுத் துணியே காட்டிக்கொடுக்கும். ஜரிகை என்பது பட்டிழைமேல் சுற்றிய வெள்ளிக்கு முலாம் பூசிய உலோகம். ஒவ்வொரு சுற்றும் ஒரு குட்டிக் கண்ணாடி. கண்ணாடியானது தன் எதிரே இருப்பதைத்தான் காட்டும். எதிரே இருப்பது மூன்று விரற்கடை அகலமுள்ள ஃபிளாஷ் முகமென்றால், அங்கங்கே சில வெள்ளைப் பொறிகள் தெறிக்க, மற்ற ஜரிகையெல்லாம் கறுத்துச் செத்துக் கிடக்கும். அதே இடத்தில் ஒரு மீட்டர் அகலமுள்ள வெண்மையை நிறுத்தினால், கரை முழுவதும் தொடர்ந்த பொன்னாக எழுந்து நிற்கும். மயில் கழுத்து நிறத்தின் கதியும் இதுவே. பாவுக்கு ஒரு நிறமும் ஊடைக்கு ஒரு நிறமும் வைத்து, மடிப்புக்கு மடிப்பு மாறும்படி நெய்த அந்தச் சூட்சுமத்தை வெறும் ஃபிளாஷ் ஒரே அடியில் அழித்து, நடுவில் ஒரு வெள்ளைக் கறையையும் வைத்துவிடுகிறது. ஒளியின் மென்மையை நிர்ணயிப்பது பொருளிலிருந்து பார்க்கும்போது அதன் அளவேயன்றிச் சக்தியன்று என்ற இந்த எளிய உண்மையைச் சொல்லாமல், சக்தியை மட்டும் விற்கிறவர்களை நான் மன்னிக்கத் தயாராயில்லை.

ஃபிளாஷ் தலையில் மாட்டும் வெள்ளைப் பிளாஸ்டிக் மூடியைப் பரிகாரமாகக் காட்டுவதும் உண்டு. அது ஒளியை நாற்புறமும் சிதறடிக்கிறது. வெள்ளைச் சுவரும் தாழ்ந்த வெள்ளைக் கூரையும் இருந்தால் அவற்றில் பட்டுத் திரும்பும். புகையேறிக் கறுத்த ஓட்டுக் கூரைக்குக் கீழே எது திரும்பப் போகிறது? அந்த மூடிக்குச் செலவிடும் பணத்தை நான் வீண் என்றே சொல்வேன்.

வேண்டியது பெரிய வெண்மை. அதற்கு விலை அதிகமென்ற அச்சத்துக்கும் ஆதாரம் இல்லை. 1956-இல் வெளிவந்த சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ படத்துக்குக் காசி வீட்டு முற்றத்தை ஸ்டூடியோவில் அமைத்தபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளை அதன்மேல் பாய்ச்சி, திரும்பி இறங்கிய ஒளியிலேயே படம்பிடித்தார். ஒரு நாலு முழ வேட்டியைக் கொடியில் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் மூன்றடி தள்ளி ஃபிளாஷை நிறுத்துவதும், எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் தகடைச் சாய்த்து வைப்பதும் அதே வித்தையின் சிறு வடிவம். கோரா வேட்டி மாத்திரம் ஆகாது; அதன் மஞ்சள் சாயல் பட்டின்மேல் ஏறிவிடும். வெளுத்த வேட்டியும் நீலம் போடாததாக இருக்க வேண்டும்.

ஆகவே, எந்த ஃபிளாஷ் என்று கேட்கிறவருக்கு என் பதில், ரேடியோ ரிசீவர் உள்ளடங்கிய எந்த மலிவு ஃபிளாஷும் போதும், கைடு நம்பரைப் படிக்கவே வேண்டாம் என்பதுதான். அதில் மிச்சமாகும் பணம் முதலில் ஸ்டாண்டுக்குப் போகட்டும். மின்விசிறிக் காற்றில் குடை ஒரு பாய்போல் விம்மும். மெல்லிய கால்களுள்ள ஸ்டாண்டு அந்த இழுப்புக்கு நில்லாது. அது சாயும் திசையில் விரித்திருப்பது, மூன்று சேலைக்கான பாவு. மணல் பை கட்டிய கனத்த ஸ்டாண்டு இல்லாதவரைத் தறியருகே ஃபிளாஷ் வைக்க எந்த நெசவாளரும் அனுமதிக்கலாகாது.