கவுன் போட்ட 'அது'

போக்கிமான் விளையாட்டில் பிடிக்கும் உயிரினங்களை நான் 'அது' என்றுதான் சொல்வேன், பூனையையும் காக்கையையும் சொல்வதுபோல. கார்டவார் திரையில் வந்தபோது மட்டும் என் வாய் தானாக 'அவள்' என்றது. பக்கத்திலிருந்த அக்கா மகள் திருத்தினாள்: "சித்தி, அது ஆண். பேருக்குப் பக்கத்துல குறி இருக்கு பாருங்க."

உண்மைதான். 2002இல் அறிமுகமான கார்டவாரில் ஆணும் பெண்ணும் சரிபாதி. இருபாலுக்கும் ஒரே உருவம்: ஒடுங்கிய இடை, கால்வரை விரியும் வெள்ளைக் கவுன். அது கழற்றி வைக்கக்கூடிய துணி அல்ல, உடம்பே அப்படித்தான். துணியாக இருந்தால் யார் போட்டுவிட்டது என்று கேட்கலாம். உடம்பாகவே வரைந்துவிட்டால் அது இயற்கையாகிவிடுகிறது, கேள்வியும் அடங்கிவிடுகிறது.

ஆணுக்கும் கவுன் என்பது நல்ல விஷயம்தானே என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் 2006இல் டயமண்ட், பேர்ல் விளையாட்டுகள் வந்தன. கார்டவாருக்கு முந்தைய நிலையான கிர்லியா ஆணாக இருந்தால், ஒரு கல்லைக் கொடுத்து அதைக் கலேடாக மாற்றலாம். கலேட் முழங்கையில் வாள் வைத்த வீரன். பெண் கிர்லியாவிடம் அந்தக் கல் வேலை செய்யாது. கவுனை விட்டு வெளியேற ஒரு வழி திறந்தது. அதுவும் ஆணுக்கு மட்டும்.

கழற்றக்கூடிய உடையின் கதை வேறு. 2014இல் ஒமேகா ரூபி, ஆல்ஃபா சஃபையர் விளையாட்டுகளில் வேடம் போடும் பிகாச்சு வந்தது. அது எப்போதும் பெண். போட்டி மேடைக்காக அவளுக்கு ஐந்து உடைகள். சில ஆண்டுகள் கழித்துத் தொப்பி போட்ட பிகாச்சு வந்தது. அது எப்போதும் ஆண். அணிவது கதைநாயகன் ஆஷின் தொப்பி. அவளுக்கு மேடையும் நடுவர்களும், அவனுக்கு நாயகனின் அடையாளம். அந்தப் பாகுபாட்டை நான் மன்னிக்கவில்லை. ஆனாலும் அவளுடைய ஐந்து உடைகளில் ஒன்று முனைவர் அங்கி, இன்னொன்று மல்யுத்த வேடம். மல்யுத்த வேடம் போட்டால் பறந்து விழுந்து அமுக்கும் ஓர் அடியும் சேர்ந்து வருகிறது. கழற்ற முடிகிற உடை என்பதால்தான் அவளால் ஒரே நாளில் அழகியாகவும் மல்லராகவும் இருக்க முடிகிறது. கார்டவாருக்கு அது வாய்க்கவில்லை.

குற்றம் வரைந்தவர்களுடையது மட்டுமல்ல. 1996இலேயே வந்த மச்சாம்ப்பை நினைத்துப் பார்க்கிறேன். நான்கு கை, ஜட்டி, இடுப்பில் சாம்பியன் பெல்ட். விளையாட்டில் ஆண், பெண் என்ற பகுப்பு வந்தபின் மச்சாம்ப்களில் நான்கில் ஒன்று பெண். அதே தசை, அதே பெல்ட். இத்தனை ஆண்டுகளாக நான் ஒரு மச்சாம்ப்பைக்கூட 'அவள்' என்று சொன்னதில்லை. குறி பக்கத்திலேயே இருந்தது. நான் பெல்ட்டைத்தான் பார்த்தேன்.

போன வாரம் நானும் அக்கா மகளும் தேடிப்பிடித்து ஒரு பெண் மச்சாம்ப்பை எங்கள் அணியில் சேர்த்தோம். நன்றாக அடிக்கிறாள். 'அடிக்கிறாள்' என்று சொல்வதற்குள் என் நாக்கு இன்னும் ஒரு கணம் தடுமாறுகிறது.