விருந்தாளியின் பியானோ

ஜாஸ்காரர்கள் பிரேசில் பக்கம் போனால் வழக்கமாக நாலு 'போஸா நோவா' வாசித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். 1962-ல் ஸ்டான் கெட்ஸ் சாக்ஸஃபோனால் போட்டுக் கொடுத்த ராஜபாட்டை.

இத்தாலியப் பியானிஸ்ட் ஸ்டெஃபானோ பொல்லானி அதில் போகவில்லை. 2007-ல் ரியோ டி ஜெனிரோவுக்கே போய், பெரும்பாலும் உள்ளூர் வாத்தியக்காரர்களை வைத்துப் பதிவு செய்த ஆல்பம் 'கரியோக்கா'. ரியோவாசி என்று அர்த்தம். பிஷிங்கின்யா, நெல்சன் காவாக்கின்யோ என்று பெரும்பாலும் பழைய சோரோ, சாம்பா சரக்கு.

'சோரோ' என்றால் அழுகை. கேட்டால் என்னவோ சிரிப்புத்தான் வருகிறது. ஐரோப்பியப் போல்காவும் ஆப்பிரிக்கத் தாளமும் 19-ம் நூற்றாண்டு ரியோவில் கலந்து பிறந்த சங்கீதம் இது. இதற்கென்று ஒரு துள்ளல் இருக்கிறது. ஜாஸ் நடையில் சாய்த்து இழுத்தால் உயிர் போய்விடும்.

பொல்லானி மேடையில் கோமாளித்தனம் பண்ணுகிறவர். விரல்களும் சும்மா இருக்காது. இதில் மார்க்கோ பெரெய்ராவின் கிடாருக்கு வழிவிட்டு, பல இடங்களில் சமர்த்தாக ஒதுங்கிக்கொள்கிறார். அவ்வப்போது வித்தை காட்டும் ஆசை எட்டிப் பார்க்கிறது. மன்னிக்கலாம்.

விருந்துக்குப் போன வீட்டில் நாமே பேசிக்கொண்டிருக்கக் கூடாது. ஃப்யூஷன் வாசிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரிவதில்லை.