டிச்லிங் மேட்டில் ஒரு டிக் டிக்

இதய நோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட ஆயிரக்கணக்கானோர் லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரைக்குச் சைக்கிள் மிதிக்கிறார்கள்; சுமார் 87 கிலோமீட்டர். வழியில் வரும் சஸ்ஸெக்ஸின் பசுமையை எல்லோரும் புகழ்வார்கள். எனக்குப் பிடித்தது பின்சக்கர ஃப்ரீவீலின் சத்தம். பிரைட்டனுக்குச் சற்று முன்னால் டிச்லிங் பீக்கன் மேட்டில் பலர் இறங்கித் தள்ளுகிறார்கள் (வெட்கப்பட ஒன்றுமில்லை, மேடு அப்படி). அப்போது அந்தச் சத்தம் டிக்... டிக்... என்று எண்ணிவிடலாம் போல நிதானமாகக் கேட்கும். உச்சி தாண்டி, மிதிக்காமல் இறக்கத்தில் விட்டால் அதுவே சில்வண்டுக் கூட்டமாக இரையும்.

சமதரையில் வேறொரு நேர்த்தி. முன்னால் போகிறவர் குழியைக் கண்டதும் கையைத் தாழ்த்திச் சுட்டுவார். பின்னால் வருபவர் அதையே அடுத்தவருக்குக் காட்டுவார். முகம் தெரியாதவர்மேல் எத்தனை அக்கறை! மேட்டில் மட்டும் இதற்கு வழியில்லை. இரண்டு கையும் ஹேண்டில்பாரில்.