எலும்பறுப்பான்: ஒரு பட்டப்பெயரின் நிறைகுறை

அறுவை மருத்துவரை ஆங்கிலப் பேச்சுவழக்கில் ‘சாபோன்ஸ்’ என்பார்கள். ‘சா’ ரம்பம், ‘போன்ஸ்’ எலும்புகள். தமிழில் எலும்பறுப்பான் எனலாம். இச்சொல்லை நாடறியச் செய்தவர் சார்லஸ் டிக்கன்ஸ். 1836-37இல் தொடராக வெளிவந்த ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலில் பணியாள் சாம் வெல்லர் இதைச் சொல்கிறான். அவனுடைய எசமானர் பிக்விக்குக்கோ பொருள் பிடிபடவில்லை. சொல் தெருவில் புழங்கியது, மாளிகைக்கு எட்டவில்லை என்பதை அந்தக் காட்சியே காட்டிவிடுகிறது.

நோயாளியின் பக்கமிருந்து பிறந்தது என்பதே இச்சொல்லின் முதல் சிறப்பு. மயக்க மருந்து வருவதற்கு முன் அறுவையின் திறமையை வேகத்தால் அளந்தார்கள். லண்டனில் அறுவை மருத்துவர் ராபர்ட் லிஸ்டன் புகழ்பெற்றதும் அந்த வேகத்தால்தான். கைகால்களைப் பிறர் அழுத்திப் பிடித்திருக்க, தன் எலும்பில் ரம்பம் ஓடுவதை நோயாளி நினைவோடு கேட்டுக்கொண்டு கிடந்தான். அந்த ஓசையை எந்த மருத்துவ நூலையும்விட உண்மையாக இச்சொல் காத்து வைத்திருக்கிறது.

ஆனால் இது ரம்பத்தைப் பார்த்த அளவுக்குக் காயத்தைப் பார்க்கவில்லை. எலும்பு முறிந்து தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டால், சீழ் பிடித்துச் சாவு நெருங்கும். கிருமியைப் பற்றி அறியாத காலத்தில், உறுப்பை வெட்டுவதே பல வேளைகளில் உயிர் காக்கும் வழியாக இருந்தது. 1861-65 அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஈயக் குண்டுகள் எலும்பை நொறுக்கின. மருத்துவர்கள் பெரும்பாலும் குளோரோபார்மோ ஈதரோ கொடுத்து மயக்கிய பின்பே உறுப்புகளை அகற்றினார்கள். அவர்களையும் கசாப்புக்காரர்களாகக் காட்டுவது அநீதி.

காலத்தோடு நகராததும் ஒரு குறை. 1846 டிசம்பர் 21 அன்று லிஸ்டனே ஈதர் கொடுத்து ஒருவரின் காலை அகற்றினார். 1867இல் ஜோசப் லிஸ்டர் என்ற இன்னோர் அறுவை மருத்துவர், கார்பாலிக் அமிலத்தால் கிருமியைத் தடுத்து, வெட்டவேண்டிய கால்களையும் காப்பாற்றலாம் என்று எழுதினார். தொழில் மாறிவிட்டது, பெயர் மாறவில்லை. 1966இல் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்’ தொலைக்காட்சித் தொடரில் டாக்டர் மெக்காயைக் கேப்டன் ‘போன்ஸ்’ என்றே அழைக்கிறார். அங்கே ரம்பம் உதிர்ந்து, நட்பின் உரிமை சேர்ந்தது.

மருத்துவரை எடைபோட இச்சொல் உதவாது. ஆனால் ஒரு காலத்து நோயாளி பட்ட வேதனைக்கு இது சாட்சி. இன்றைய மருத்துவர் மேல் இதை எறிய வேண்டாம். அந்த வேதனையைப் பேசும்போது மறக்கவும் வேண்டாம்.