5000 வாட் ஆம்ப்ளிஃபயர்: உண்மை எவ்வளவு?

சேலத்திலிருந்து மல்லூர், ராசிபுரம் வழியாக நாமக்கல் செல்லும் தனியார் பஸ் ஒன்றில் ஏறிப் பாருங்கள். பஸ் புறப்படுமுன்பே பாட்டு புறப்பட்டுவிடும். லாரிக்குப் பாடி கட்டுவதில் பெயர் பெற்ற இவ்வட்டாரத்தில் வண்டிக்குப் பாட்டு செட் அமைப்பதும் ஒரு தனித் தொழிலாகிவிட்டது. அந்த ஆசை சொந்தக் கார்களையும் பற்றிக்கொண்டது. கம்பெனி பொருத்தித் தந்த ஸ்டீரியோ போதாதென்று தனியாக ஓர் ஆம்ப்ளிஃபயர் வாங்கி வைக்கிறார்கள். அதன் அட்டைப்பெட்டியில் '5000 வாட்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும். இந்த எண்ணை நம்பலாமா? பள்ளியில் படித்த ஓம் விதியைக் கொண்டே சோதித்துவிடலாம்.

முதலில் கம்பெனி ஸ்டீரியோவை எடுத்துக்கொள்வோம். என்ஜின் ஓடும்போது காரில் கிடைக்கும் மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட். ஸ்டீரியோவில் உள்ள ஐ.சி., ஸ்பீக்கரின் இரு முனைகளையும் எதிரெதிராக இயக்குகிறது. ஆகவே ஒவ்வொரு திசையிலும் அதிக அளவாக 14.4 வோல்ட்தான் ஸ்பீக்கருக்குக் கிட்டும். ஸ்பீக்கரின் மின்தடை பெரும்பாலும் 4 ஓம். சைன் அலையின் திறனைக் காண, உச்ச மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையின் இருமடங்கால் வகுக்க வேண்டும். 207ஐ 8ஆல் வகுத்தால் ஏறக்குறைய 26 வாட். ஐ.சி.யில் ஏற்படும் இழப்பு போக நிற்பது சுமார் 20 வாட்.

அப்படியானால் ஸ்டீரியோவின் முகப்பில் '50 வாட்' என்று எழுதியிருக்கிறதே? அலையின் மேடு பள்ளங்களை வெட்டி முழுச் சதுர அலையாக்கினால், 207ஐ 4ஆல் வகுத்து 52 வாட் வருகிறது. கணக்கு சரிதான், ஆனால் அந்த நிலையில் நம் காதில் விழுவது கரகரப்பே.

ஆகவே தனி ஆம்ப்ளிஃபயர் வைப்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஓடும் வண்டியில் டயர், காற்று, என்ஜின் ஆகியவற்றின் இரைச்சல் மெல்லிய ஒலிகளை மூழ்கடிக்கிறது. அதை வெல்ல வால்யூமைக் கூட்டினால் அலை வெட்டுப்படுகிறது. தனி ஆம்ப்ளிஃபயருக்குள் மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்று இருப்பதால், அலையை வெட்டாமலே கூடுதல் திறனைத் தர அதனால் முடிகிறது.

ஆனால் அந்த ஆற்றலும் பாட்டரியிலிருந்தும் ஆல்டர்னேட்டரிலிருந்தும்தானே வர வேண்டும்? பெட்டியின் படத்தை விட்டுவிட்டு ஆம்ப்ளிஃபயரின் ஃபியூஸைப் பாருங்கள். அது 30 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 14 வோல்ட்டில் உள்ளே தொடர்ந்து செல்லக்கூடியது 420 வாட். 'ஏபி' வகுப்பு ஆம்ப்ளிஃபயரில் இதில் சுமார் 60 விழுக்காடு வெளிவரும். அதாவது 250 வாட். 'டி' வகுப்பாயின் 80 விழுக்காடு, 336 வாட். கணநேர உச்சம் சற்றுக் கூடலாம். 5000 வாட் தொடர்ந்து வர வேண்டுமானால் 400 ஆம்பியருக்கும் மேல் தேவை. சிறு கார்களின் ஆல்டர்னேட்டர் பெரும்பாலும் 100 ஆம்பியரைக்கூட எட்டுவதில்லை. அட்டைப்பெட்டி எதையும் சொல்லும். ஃபியூஸ் பொய் சொல்லாது.

அடுத்துக் கவனிக்க வேண்டியது கம்பி. பாட்டரியிலிருந்து டிக்கி வரை 4 மீட்டர் என்று கொள்வோம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 40 ஆம்பியர் ஓடினால் 44 வாட் வெப்பம் கம்பியிலேயே உண்டாகும். தரைவிரிப்புக்கு அடியில் இவ்வளவு சூட்டை ஒளித்துவைப்பது ஆபத்து. 16 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் அது 7 வாட்டாகக் குறைகிறது. பாட்டரி முனைக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸும் இருக்க வேண்டும். வழியில் கம்பி உராய்ந்து பாடியைத் தொட்டால் தீயைத் தடுப்பது அதுதான். பெரிய பஸ், லாரிகளில் 24 வோல்ட்டுக்காக இரண்டு பாட்டரிகளைத் தொடரிணைப்பில் வைத்திருப்பார்கள். சிலர் ஆம்ப்ளிஃபயருக்கு வேண்டிய 12 வோல்ட்டை அவற்றுள் ஒன்றிலிருந்து மட்டும் எடுக்கிறார்கள். ஒரு பாட்டரி வற்ற, மற்றொன்று அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகி, இரண்டும் விரைவில் கெடும். 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வெர்ட்டரே சரியான வழி.

இவ்வளவும் செய்து காது என்ன பெறுகிறது? நம் செவி ஒலியைப் பெருக்கல் கணக்கில் உணர்கிறது. திறனை இருமடங்காக்கினால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. ஒலி இருமடங்காகத் தோன்ற, திறன் ஏறக்குறைய பத்து மடங்காக வேண்டும். ஒரு வாட்டுக்கு 88 டெசிபெல் தரும் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 91 டெசிபெல் தரும் ஸ்பீக்கரை மாட்டினால், ஆம்ப்ளிஃபயரை இருமடங்காக்கிய பலன் கிட்டிவிடும். பாட்டரிக்கும் பாரமில்லை. இதை எந்த அட்டைப்பெட்டியும் சொல்வதில்லை.

பெருந்திறனை முழுதும் பயன்படுத்தினால் இழப்பு காதுக்கு. அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் 1998இல் வகுத்த பரிந்துரைப்படி, 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகிறது. 94 டெசிபெல்லுக்கு 1 மணி. 100 டெசிபெல்லுக்குக் கால் மணி. சேலம்–நாமக்கல் பயணமோ ஒரு மணிக்கும் மேல். பயணி இறங்கிப் போய்விடுவார். ஓட்டுநரும் நடத்துநரும் காலை முதல் இரவு வரை அந்த ஸ்பீக்கர்களின் அடியில்தான் இருக்கிறார்கள். உட்செவியின் மயிர்ச்செல்கள் ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. பின்னால் வரும் ஆம்புலன்ஸின் ஒலி ஓட்டுநருக்குக் கேட்காமற்போவது வேறொரு கேடு.

வண்டியில் பாட்டு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நெடுவழிக்கு அது நல்ல துணை. நம் கண்டனம் பெட்டியில் அச்சிட்ட எண்ணின் மீதும், அதை நம்பி வால்யூமைத் திருகும் கையின் மீதும்தான். அடுத்த முறை கடைக்காரர் '5000 வாட்' என்றால், "அண்ணே, ஃபியூஸ் எத்தனை ஆம்பியர்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே உண்மை தெரிந்துவிடும்.